வெறும் நீரையும் சோதித்துப் பார்த்த மெய்யம்மை அம்மையாருக்கு

அறிவால் உயர்ந்து அன்பால் எம்மை ஆண்ட அம்மையே! புரதத்தின் புதிர்களைப் பொறுமையால் பிரித்த பேராய்வாளரே! முனைவர் மெய்யம்மை அவர்களே! பணி நிறைவு காணும் தங்கள் முன்னிலையில், தங்கள் கதையை இந்த அவைக்குச் சொல்ல இசைவு தாருங்கள்.

அவையோரே! ஓர் உணவில் எந்தப் புரதம் கலந்திருக்கிறது என்றறிய, டிரிப்சின் என்னும் நொதியால் அதைத் துண்டு துண்டாக வெட்ட வேண்டும். குப்பியில் கலந்து வைத்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டும். தலைமுடி போல் மெல்லிய கால்வாய்கள் ஓடும் சிறு சில்லுக்குள், சுவரிலேயே நொதியைப் பிணைத்துவிட்டால் சில நிமிடங்களில் முடியும் என்று நம்பினார், எங்கள் பினாங்கு ஆய்வுக்கூடத்தில் திட்டத் தலைவராக இருந்த அம்மையார். சில்லுகளை வடித்தவர் அஸ்லான்.

முதலீட்டாளர்கள் வந்த நாளில் சில்லு அருமையாக வேலை செய்தது. கைதட்டல் கூடத்தை நிறைத்தது. அம்மையாரோ அதே சில்லில் வெறும் நீரை ஓடவிட்டார். அதிலும் புரதத் துண்டுகள் தெரிந்தன!  அவர் விருந்தினர் பக்கம் திரும்பி நின்று சொன்னார்: "கைதட்டாதீங்க. முன்னாடி ஓடுன சாம்பிள் சுவத்துல ஒட்டியிருக்கு. இத நம்பி ரிப்போர்ட் கொடுக்க முடியாது."

விருந்தினர் போனதும் அஸ்லான் வெடித்தார். "அக்கா, அவங்க போனப்புறம் சொல்லியிருக்கலாம்லா!"

"அப்புறம் சொன்னா ஏமாத்துனதா ஆயிடும், அஸ்லான்."

வந்த முதலீடு திரும்பிப் போயிற்று. நிர்வாகம் அம்மையாரைத் தலைமையிலிருந்து இறக்கி, அஸ்லானை அங்கே அமர்த்தியது. மறுநாள் அஸ்லான் கூனிக் குறுகி நிற்க, வெள்ளைக் கோட்டை மாட்டியபடி வந்தார் அம்மையார்.

"பாஸ், இன்னிக்கு எனக்கு என்ன வேலை?"

"அப்படிக் கூப்பிடாதீங்கக்கா."

"சரி, வா. சில்லு செய்யற பிளாஸ்டிக்க மாத்திப் பாப்போம்."

அன்று மதியம் அவர் காருக்குள் தனியே அழுததை ஆய்வக உதவியாளர் நவமணி பார்த்துவிட்டார். "கோபம் வருது லா. ஆனா அஸ்லான் மேல இல்ல," என்று அவரிடம் சொல்லிவிட்டு, அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

பிளாஸ்டிக் போய்க் கண்ணாடி வந்தது. புரதம் ஒட்டாத மேற்பூச்சு ஒன்றை இருவரும் சேர்ந்து தேடித் தேடிக் கண்டடைந்தார்கள். ஒரு நாள் வெறும் நீர், வெறும் நீராகவே வெளிவந்தது. அஸ்லான் துள்ளிக் குதித்தார். அம்மையார் நாற்காலியில் சரிந்து வாய்விட்டுச் சிரித்தார்.

பிறகொரு காலை, நிலக்கடலை ஒத்துக்கொள்ளாத பாலிக் புலாவ் ஊர்ச் சிறுமி ஒருத்தி, கடலையே இல்லை என்று அச்சிட்ட பிஸ்கட்டைத் தின்று மருத்துவமனையில் கிடந்தாள். ஜுரு ஊர்க் கிடங்கில் அதே பிஸ்கட் பெட்டிகள் லாரிகளில் ஏறிக்கொண்டிருந்தன. மாதிரி எங்களிடம் வந்தது. சில நிமிடங்களில் சில்லு கடலைப் புரதத்தைக் காட்டிக் கொடுத்தது. ஒரு லாரியும் நகரவில்லை. சிறுமி பிழைத்தாள்.

தானே தப்பான பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டதாகத் தாய் அழுதுகொண்டிருப்பதை அம்மையார் கேள்விப்பட்டார். தொலைபேசியை எடுத்தார். "உங்க தப்பு இல்லம்மா. கடலை இருக்கு, பாக்கெட்டுலதான் போடல. நாங்க பாத்துட்டோம்."

எங்கள் அம்மையே! தங்கள் காலைகள் இனிப் பினாங்குப் பாலத்து வண்டி நெரிசலில் கழியாதிருக்கட்டும்! உடல் நலமும் உள்ள நிறைவும் குன்றாது நெடுங்காலம் வாழுங்கள்! அந்தத் தாய் அன்று நிம்மதியாக மூச்சுவிட்டதைப் போல, தாங்களும் ஓய்ந்து இளைப்பாறுங்கள்!

தங்கள் அன்பில் என்றும் நனையும்,
அஸ்லான், நவமணி மற்றும் புரத ஆய்வுக்கூடத்தார்,
ஜார்ஜ் டவுன், பினாங்கு.