மந்திரிக்கு வாங்கின மருந்து

— ஒரு மாசத்துக்கு அறுபது மாத்திரைம்மா. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. பதினஞ்சு நாள்ல டப்பாவைக் காலி பண்ணிட்டு வந்து நிக்கிறியே, உன் நாய் என்ன கடலை மாதிரி கொறிக்கிறானா?

— கீழ சிந்திருச்சு டாக்டரம்மா.

— போன தடவை துப்பிட்டான்ன. அதுக்கு முன்னாடி எலி தூக்கிட்டுப் போச்சுன்ன. கதை விடாத. போன வாரம் எடுத்த ரத்தத்துக்கு ரிப்போர்ட் வந்திருக்கு, பாரு. வலிப்பை நிறுத்த வேண்டிய மருந்துல பாதிகூட இவன் ரத்தத்துல இல்ல.

— மறுபடியும் அறுபது எழுதுங்க. காசு வெச்சிருக்கேன்.

— ஏது காசு? காது மொட்டையா இருக்கே.

— கம்மலை வித்துட்டேன்.

— இதை வெளியில யாருக்காவது விக்கிறியா? கண்ணைப் பாத்துச் சொல்லு.

— மந்திரி மேல சத்தியமா இல்ல.

— அவன் என்னமோ ஜம்முன்னு மேஜைக்கு அடியில வாலை ஆட்டிக்கிட்டு இருக்கான். நீதான் பேயறைஞ்ச மாதிரி இருக்க. காலங்காத்தால வந்து கதவைத் தட்டுற. கையில என்ன துணி? ரத்தம் கசியுதே!

— கடி.

— வலிப்பு வர்றப்ப வாயில கையை விடாத, விடாதன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!

— டாக்டரம்மா, மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா என்ன ஆகும்?

— நிறுத்திட்டியா?

— கேட்டேன். அவ்வளவுதான்.

— ரெண்டு மூணு நாள்ல வலிப்பு ஆளை அடிச்சுப் போட்டுரும். வலிப்பே இல்லாத உடம்பா இருந்தாக்கூட வரலாம். அஞ்சு நிமிஷத்துல நிக்கலைன்னா உடம்பு கொதிச்சு மூளை கெட்டுரும். அதுக்குத்தானே பின்பக்கம் செலுத்துற அந்த மருந்து டியூபை வாங்க வெச்சேன்? இருக்கா, அதையும் எலி தூக்கிடுச்சா?

— பத்திரமா இருக்கு. யானை விலை சொன்னீங்களே, வீணாக்குவேனா?

— சரி, இன்னைக்காவது உண்மையைச் சொல்லு. இவன் மண்டையில இந்தப் பள்ளம் வண்டி மோதினதுன்ன. வண்டி மோதினா இப்படிக் கோடு போட்ட மாதிரி விழாது.

— எலும்பு வெட்டுற கத்தி. திருப்பிப் பிடிச்சு அடிச்சாரு.

— யாரு? உன் வீட்டுக்காரரா?

— அவருதான். கறிக்கடையில இருந்து அந்தக் கத்தியோடதான் வீட்டுக்கு வருவாரு. அன்னைக்கு நாயை அடிக்கல, என் கழுத்துக்கு ஓங்கினாரு. இவன் பாய்ஞ்சு நடுவுல வந்துட்டான். கடையில எலும்பு உடையுமே, அதே சத்தம். அன்னைக்கு ராத்திரிதான் இவனுக்கு முதல் தடவையா இழுத்துச்சு. அவரு உக்காந்து சிரிச்சாரு.

— பாவி! உன்னையும் அடிப்பானா?

— ரத்தச் சட்டையைக் கழட்டுறதுக்கு முன்னாடி என் முடியைப் பிடிச்சுச் செவுத்துல மோதுவாரு. அப்புறந்தான் குளியல். ரெண்டு விலா எலும்பு போச்சு. வயித்துல இருந்த அஞ்சு மாசம் போச்சு. போலீசுக்குப் போனேன், சமாதானம் பேசி அனுப்பினாங்க. வீட்டுக்கு வந்ததும் முன்பல்லும் போச்சு.

— ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிட்ட!

— நீங்கதான் வழி காட்டினீங்க. மொதல்ல மாத்திரை முழுங்கினப்ப மந்திரி காலு பின்னி, சுருண்டு தூங்கினான். பயந்து ஓடி வந்தேன். பயப்படாத, மனுஷங்களுக்குக் கொடுக்கிற மாத்திரைதான், தூக்கம் வரும்னீங்க.

— அய்யய்யோ. என்ன பண்ணித் தொலைச்ச?

— டீயில கலந்தேன். மந்திரிக்கு ராத்திரி மட்டும் ஒண்ணு, மிச்சமெல்லாம் அவருக்கு. எட்டு மணிக்கெல்லாம் குறட்டை. ஏழு மாசமா என் மேல ஒரு அடி விழல டாக்டரம்மா.

— அடிப்பாவி, அதான் இவன் ரத்தத்துல மருந்தைக் காணோம்!

— நீங்க ரத்தம் எடுத்த மறுநாளே நாலு தடவை இழுத்துச்சு. நாக்கைக் கடிச்சு வீடெல்லாம் ரத்தம். எனக்காக அடி வாங்கினவன் வாய்ல மண்ணள்ளிப் போட்டுட்டேனேன்னு அழுதேன். அன்னைக்கே அவருக்கு டீயில கலக்கிறதை நிறுத்திட்டேன். எல்லாம் மந்திரிக்குத்தான்.

— நிறுத்தி எத்தனை நாளாச்சு?

— இன்னையோட நாலு. மூணு நாளும் அடி. இதோ, முதுகைப் பாருங்க.

— இரு. கையைக் கொடு, துணியை அவிழு. இருபது வருஷமா நாய்க்கடி பாக்கிறவ நான். நாய் கடிச்சா ஓட்டை விழும். இது வளைஞ்சு வரிசையா இருக்கே... ஏம்மா, இது மனுஷப் பல்லு!

— காலையில ஆறரைக்கு அடுப்படியில விழுந்தாரு. என்னைக் குத்த ஓங்கின கை அப்படியே முறுக்கிக்கிச்சு. கண்ணு சொருகி, தலை தரையில மடார் மடார்னு அடிச்சுது. நீங்க சொன்னதெல்லாம் மறந்து போச்சு. இந்தப் பாழாப்போன கை தானா அவரு வாய்க்குள்ள போயிருச்சு.

— இப்ப யாரு கூட இருக்கா?

— யாருமில்ல. கிளம்புறப்பவும் இழுத்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. கதவைப் பூட்டிட்டு வந்தேன்.

— மணி எட்டாகுதுடி! கொண்டா சாவியை! அந்த டியூபு... அது வீட்டுலதானே இருந்துச்சு? செலுத்தினியா, இல்லையா?

— கையில எடுத்தேன் டாக்டரம்மா. அது மந்திரிக்கு வாங்கினதாச்சே.