கிளிப்பை எடுத்த பொறவு

இல்ல மதினி, அண்ணன் எஞ்சினை மேசையிலயே வைங்க, கையெல்லாம் கிரீஸ் ஆயிரும். நைட்டித் துணியிலயா சுத்திக் கொண்டாந்தீங்க? புதுத் துணியாட்டம்லா இருக்கு. சரி, உக்காருங்க. அந்த ஸ்டூலு ஆடும், இந்தச் சேருல உக்காருங்க. பேட்டரி கிட்ட காலை வச்சிராதீங்க, ஆசிட்டு இருக்கும். தளவாய்புரத்துல இருந்து ராஜபாளையம், பொறவு ஸ்ரீவில்லிபுத்தூரு, இந்த மத்தியான வெயில்ல ரெண்டு பஸ்ஸு மாறி வந்திருக்கீங்க. ஒரு போன் போட்டிருந்தா நானே வந்திருப்பேனே.

போட்டா நான் எடுக்க மாட்டேங்கேனா? ஆமா. அது உண்மைதான்.

சொல்லுங்க. பென்ஸன் சாரா? கிருஷ்ணன்கோவில் காலேஜுல லேபுல இருக்காரே, அவரா. அண்ணனோட விமான எஞ்சினை விலைக்குக் கேட்டு வீட்டுக்கு வந்தாரா. வந்தவரு ப்ளக்கைக் கழட்டிப் பாத்துட்டு, இது இந்த எஞ்சினுக்கு உண்டானதே இல்ல, விவரம் தெரியாத ஆளு எவனோ போட்டிருக்கான்னுட்டுப் போயிட்டாரு. அதை உங்க கொழுந்தன் மைக்கேலு கேட்டுட்டாரு. பாத்தீங்களா மதினி, எங்கண்ணன் கவனமில்லாம எதையோ போட்டு அவனாப் போய்ச் சேந்தான், பொம்மை விமானத்துக்காக உங்களையும் தெருவுல விட்டுட்டான்னு தெனமும் அதே பேச்சு. அப்படித்தானே. இப்ப நீங்க என்ட்ட கேக்க வந்தது, ஞானரத்தினம் அண்ணன் தெரியாமத்தான் தப்பு ப்ளக்கைப் போட்டாரா, அதனாலதான் செத்தாரா. அம்புட்டுத்தானே. சொல்லுதேன். டீ சொல்லவா? வேண்டாமா. சரி.

மொதல்ல அந்த ப்ளக்குன்னா என்னன்னு தெரியணும்லா. இந்தா பாருங்க, விரல் நுனி அளவுதான். உள்ள சுருளா ஒரு கம்பி தெரியுதா? பிளாட்டினம். பைக்கு ப்ளக்கு மாதிரி இது பொறி விடாது. ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் ஒன்றரை வோல்ட் பேட்டரிய ஒரு கிளிப்புல மாட்டிக் குடுப்போம், கம்பி பழுத்துரும். எஞ்சின் ஓட ஆரம்பிச்சதும் கிளிப்பை எடுத்துரணும். பொறவு உள்ள வெடிக்கிற சூட்டுலயும் மெத்தனால் படுறதுலயும் அது தானா கனண்டுக்கிட்டே கெடக்கும். கனல்ற வரைக்கும் எஞ்சின் ஓடும். அணைஞ்சா நின்னுரும்.

இப்ப அண்ணன் எஞ்சின் ஃபோர் ஸ்ட்ரோக்கு. டூ ஸ்ட்ரோக்குல ஒவ்வொரு சுத்துக்கும் ஒருக்க வெடிக்கும். இதுல ரெண்டு சுத்துக்கு ஒருக்கத்தான். நடுவுல ஒரு சுத்து சும்மா போகுதுல்லா, அந்த நேரத்துல கம்பி ஆறும். அதனால சூட்டைப் பிடிச்சு வச்சுக்கிற ப்ளக்கா பாத்துப் போடணும், ஃபோர் ஸ்ட்ரோக்குக்குன்னே அது தனியா வருது. நம்ம ஊருல வேற எரிபொருள்ல கலக்க நைட்ரோ கெடையாது, வெறும் மெத்தனாலும் விளக்கெண்ணெயும் கலந்துதான் ஓட்டுறோம். அதுல இன்னும் சீக்கிரம் ஆறும். நீங்க நைட்டி தைக்கிறவங்க, உங்களுக்கு நான் சொல்லணுமா? மெல்லிசு காட்டனுக்கு ஒரு நம்பர் ஊசி, கெட்டித் துணிக்கு ஒரு நம்பர். மாத்திப் போட்டாலும் மிஷினு ஓடத்தான் செய்யும். செத்த நேரம் கழிச்சுத்தானே நூல் அறுந்து உயிரை வாங்கும்.

அதே கததான் இதுவும். டூ ஸ்ட்ரோக்கு ப்ளக்கை இதுல போட்டா மேல ஏறும், சுத்தும், வேகமாப் போற வரைக்கும் ஒரு கொறையும் தெரியாது. இறக்குறதுக்கு வேகத்தைக் கொறைப்போம் பாத்தீங்களா, அங்கதான் அணையும்.

அண்ணனுக்கு இது தெரியாதான்னா கேக்கீங்க? எனக்குச் சொல்லிக் குடுத்ததே அவருதானே. நான் ஹாரனும் லைட்டும் மாட்டிக்கிட்டுத் திரிஞ்ச பய. அவரு வந்து இந்தக் கடையில ப்ளக்குக்கு பேட்டரி செல்லு வாங்கும்போது, எதுக்குண்ணே இதுன்னு கேட்டேன். மறு ஞாயித்துக்கிழமை கண்மாய்க் கரைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. ஏழு வருசம் மதினி. ஆண்டாள் தேரன்னைக்குக் கூட நான் அங்கதான் நிப்பேன், எங்கம்மா வையாத வசவு கெடையாது. அவருக்கு ஆராதனை முடியணும், எனக்குக் கடை அடைக்கணும், நாலு மணிக்குக் கரையில ரெண்டு பேரும் ஆஜரு.

ஏன் ஃபோர் ஸ்ட்ரோக்கே வேணும்னு பிடிவாதம் பிடிச்சாரு தெரியுமா? உங்கள்ட்ட சொன்னதில்லையா? இருபத்தாறு வருசம் நூல் மில்லுல ஃபிட்டரு, ரிங் ஃப்ரேமு மிஷினு சத்தத்துலயே காது போச்சு. கீச்சுச் சத்தம்தான் மொதல்ல போகும். வீட்டுல குக்கரு விசிலு கேக்காதுல்லா அவருக்கு? டூ ஸ்ட்ரோக்கு கீச்சுனு கத்தும், அவருக்கு அது ஊமைப் படந்தான். ஃபோர் ஸ்ட்ரோக்கு அடித் தொண்டையில பேசும், அது கொஞ்சம் கேக்கும். மேல பறக்கிறது எனக்குக் கேக்குதுடேன்னு சின்னப் புள்ள மாதிரி சிரிப்பாரு. நீங்க கூப்பிட்டா மட்டும் எந்தத் தொண்டையில கூப்பிட்டாலும் கேக்காதா? அது காதுனால இல்ல மதினி. சிரிங்க, சிரிங்க. நீங்க சிரிச்சுப் பாத்து ஒரு வருசம் ஆச்சு.

வாங்க சேதுபதி. ஆட்டோவை நாளைக்குக் கொண்டாங்கய்யா. இல்ல, இப்ப முடியாது. ஹாரன் இல்லாம ஒரு நாளு ஓட்டுனா ஒண்ணும் ஆகாது, போங்க.

எங்க விட்டேன். அன்னைக்கு. அன்னைக்கு நடந்ததுதான் உங்களுக்குத் தெரியுமே. மழை முடிஞ்ச நேரம், கண்மாய் நெறஞ்சு கெடந்துச்சு. விமானம் அஞ்சாறு வட்டம் அருமையாச் சுத்துச்சு. இறக்கப் போறேன்னு வேகத்தைக் கொறைச்சாரு, தண்ணிக்கு மேல வரும்போது எஞ்சின் நின்னு போச்சு. பொத்துன்னு விழுந்து மெதந்துக்கிட்டு நிக்கி. முழங்கால் தண்ணிதாண்டேன்னுட்டு வேட்டிய மடிச்சுக் கட்டி இறங்கிட்டாரு. அந்த எடத்துல கோடையில மண்ணு அள்ளிக் குழியாக்கிப் போட்டிருந்தானுங்க. எனக்குத் தெரியும். கத்துனேன். அண்ணே, அங்கிட்டுப் போகாதீங்க, குழி கெடக்குன்னு தொண்டை கிழியக் கத்துனேன். முதுகைக் காட்டிக்கிட்டுப் போறாரு, அவருக்கு எங்க கேக்கும். குழியில கால வச்சதும் முங்கிப் போயிட்டாரு. நானும் இறங்கினேன், நெஞ்சு வரைக்கும் போனேன். எனக்கும் நீச்சல் தெரியாது. போலீசுலயும் இதைத்தான் சொன்னேன், கல்லறைத் தோட்டத்துலயும் இதைத்தான் சொன்னேன். அங்க வச்சு மைக்கேலு, அவனா வரவழைச்சுக்கிட்டதுன்னு சொன்னாரு. நான் மாலையக் கையில பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துலதான் நின்னேன். வாயத் திறக்கல.

நீங்க கேட்டதுக்கு இது பதில் இல்லைன்னு தெரியுது மதினி. அப்படிப் பாக்காதீங்க. சொல்லிருதேன்.

அந்த ப்ளக்கு அண்ணனோடது இல்ல. நான் குடுத்தது.

அன்னைக்கு மொத ஸ்டார்ட்டுலயே அவரு ப்ளக்குக் கம்பி அறுந்து போச்சு. அவருட்ட வேற இல்ல. சம்பத்து, ஒண்ணு இருக்காடேன்னாரு. இருந்துச்சு. என் டப்பாவுல ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு உண்டானதே புதுசா ஒண்ணு, கவரு கூடப் பிரிக்கல. வெளிநாட்டுக்குச் சொல்லிவிட்டு ரெண்டு மாசம் காத்துக் கெடந்து வந்தது. மறு வாரம் மதுரையில நாலு பேரு சேந்து பறக்க விடுறதா இருந்துச்சு, அங்க என் விமானத்துல போடணும்னு ஆசையா வச்சிருந்தேன். இல்லண்ணேன்னுட்டேன். பழைய டூ ஸ்ட்ரோக்கு ப்ளக்கு ஒண்ணை எடுத்து நீட்டுனேன். கையில வாங்கிப் பாத்ததுமே அவருக்குத் தெரிஞ்சு போச்சு. வேகத்தை அடக்குனா அணைஞ்சிருமேடேன்னாரு. போட்டுப் பாப்போம்ணே, சரியில்லைன்னா இன்னைக்கு விட்டுருவோம்னு சொன்னதும் நான்தான். உங்க வீட்டுக்காரரு கவனமில்லாத ஆளு இல்ல மதினி. விவரம் தெரியாத ஆளும் இல்ல. வார புதன்கிழமை வருச ஜெபத்துல மைக்கேலு முன்னாலயே நான் எந்திரிச்சு நின்னு இதைச் சொல்லுதேன். நீங்க வரக்கூடாதுன்னா வாசல்ல நின்னு சொல்லிட்டுப் போயிருதேன்.

என்ன சொல்லுதீங்க? ஒரு சாமானை ஒளிச்சு வைக்கிறது எல்லாரும் செய்யுறதுதானா? இப்படி ஆகும்னு உனக்கு எப்படித் தெரியும் தம்பிங்கீங்க. ஐயோ, என்னையத் தம்பின்னு கூப்பிடாதீங்க. இன்னும் முடியல மதினி. செத்த உக்காருங்க. இதையும் கேட்டுட்டுப் போங்க.

ஒரு ப்ளக்கு ஆகுமா ஆகாதான்னு கரையிலயே தெரிஞ்சிரும். எஞ்சினை அடக்கி ஓட விட்டு கிளிப்பை எடுக்கணும். சவுண்டு இறங்கக் கூடாது. கொஞ்சம் இறங்குனாலும் அது ஆகாது, மேல ஏத்தக் கூடாது. அந்தச் சின்ன வித்தியாசம் அண்ணன் காதுக்குக் கேக்காது. அதனால கிளிப்பை எடுத்துட்டு என் மூஞ்சியப் பாப்பாரு. ஏழு வருசமா அப்படித்தான். அன்னைக்கும் எடுத்தாரு. சவுண்டு இறங்குச்சு மதினி. நல்லாவே இறங்குச்சு, எனக்குக் கேட்டுச்சு. வேண்டாம்ணேன்னு சொன்னா, உன் டப்பாவக் குடுடே, வேற கெடக்கான்னு தேடிப் பாக்கேன்னுவாரு. தேடுனா அந்தப் புதுசு அவரு கையில அகப்பட்டுரும். அந்த வெக்கம் ஒண்ணுதான் மதினி அப்ப என் மனசுல இருந்துச்சு. அண்ணன் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்காரு. நான் சரின்னு தலைய ஆட்டினேன்.