முப்பத்தெட்டாவது எண்ணெய்

– கையை எடுங்க மாமா. லேப்ல யாரும் தட்டைத் தொடக்கூடாது.

– தொடலைம்மா, வெளிச்சத்துல பாக்கலாம்னுதான். இதுவும் போன தடவை மாதிரிதானா?

– இல்ல. நல்லாப் பாருங்க. தட்டு முழுக்க ஆடை படிஞ்ச மாதிரி மங்கலா இருக்குல்ல, அதெல்லாம் கிருமி. நடுவுல ஒரு காகிதப் பொட்டு. அதுலதான் உங்க செடியோட எண்ணெயைத் தொட்டு வச்சேன்.

– அதைச் சுத்தி மட்டும் கண்ணாடி மாதிரி தெளிஞ்சிருக்கே.

– அங்க அதால வளர முடியலை. ரெண்டு தடவை அளந்துட்டேன், இருபத்திரண்டு மில்லிமீட்டர்.

– எந்தச் செடிம்மா இது?

– மலை ரோட்டுல, வளைவுல லாரியை நிறுத்திப் பறிச்சேன்னு சொன்னீங்களே, கசக்கினா மூக்குல ஏறுமே, அது. ரெண்டு மூட்டை இலையை ஆவியில வேக வச்சதுல ஒரு ஸ்பூன் எண்ணெய்தான் தேறுச்சு.

– அப்பவே இது கைக்குக் கிடைச்சிருந்தா உங்க அக்கா…

– அவசரப்படாதீங்க. தட்டு வேற, உடம்பு வேற. இதை அப்படியே புண்ணுல விட்டா தோல் வெந்துபோகும். மருந்தாக எத்தனையோ வருஷம் ஆகும். ஆகாமலும் போகலாம்.

– சரிம்மா, கேக்கத்தான் கேட்டேன். செருப்பு கடிச்ச புண்ணு. ஆஸ்பத்திரியில அஞ்சு மருந்து மாத்தினாங்க, ஒண்ணையும் இந்தக் கிருமி மதிக்கலை.

– கட்டுப் பிரிக்கும்போதுகூட அக்கா சிரிச்சுக்கிட்டிருந்தா.

– வலிச்சா அவளுக்குச் சிரிப்புத்தானே வரும். மலையில அந்த ஒரு வளைவுலதான் சிக்னல் கிடைக்கும். வண்டியை ஓரங்கட்டி அவளுக்குப் போன் போடுவேன். சாப்பிட்டியான்னு நான் வாயெடுக்கறதுக்குள்ள அவ கேட்டுடுவா.

– அதனாலதான் இப்பவும் அங்கேயே நிறுத்துறீங்களா?

– கால் தானா பிரேக் போட்டுடுது. நிறுத்தினா ஏதாவது வேலை வேணாமா? இலை பறிச்சேன்.

– நாலு வருஷம் மாமா. முப்பத்தெட்டு செடி.

– அவ்வளவா ஆச்சு?

– ஆச்சு. செடி கிடைச்சாச்சுன்னு எங்க லேப் தலைவர் கையெழுத்துப் போட்டுட்டார், இந்தச் சோதனை இன்னியோட முடிஞ்சுது. அக்கா புண்ணுல இருந்து எடுத்த கிருமி ஃப்ரீஸர்ல மூணு குழாய் உறைஞ்சு கிடக்கு. சோதனை முடிஞ்சா அதையெல்லாம் கொதி நீராவியில போட்டுக் கொல்லணும், அதுதான் லேப் விதி. உங்க கண்ணு முன்னாலயே செய்ய அனுமதி வாங்கியிருக்கேன், வாங்க.

– மூணையுமா?

– ஒண்ணு விடாம சாகணும்னு நீங்கதானே சொல்லிக்கிட்டிருந்தீங்க.

– சொன்னேன்தான்.

– அப்புறம் ஏன் உக்காந்துட்டீங்க?

– ஒரு குழாயை மட்டும் விட்டு வைக்க முடியுமாம்மா?

– அக்காவைக் கொண்டு போனதே இதுதான் மாமா.

– தெரியும். எங்களுக்குப் பிள்ளையும் இல்ல. அவ உடம்புல வளந்ததுல இன்னும் உயிரோட இருக்கிறது இது ஒண்ணுதாம்மா.