தலையில் ஆடும் சிவப்பு

— நானூத்தி அறுபது ரூபா, நிங்கப்பா. சனிக்கிழமை உம் மக வந்து மோதி ஒடைச்ச வளையலுக்கு. கண்ணு தெரியலைன்னு கதை விடாதே.

— கதை இல்ல நீலக்கா. எம் மக சங்கவ்வா மாதிரிப் பசங்களுக்குப் பாடம் சொல்லித் தர்ற நசீமா டீச்சரையே கூட்டியாந்திருக்கேன். அவங்ககிட்ட கேளு.

— என்னத்தக் கேக்க? மண்டியில செதறிக் கெடக்கிற மிளகாப் பழத்தை ஓடி ஓடிப் பொறுக்குறா. இம்மாம்பெரிய வளையல் ஸ்டாண்டு மட்டும் தெரியலையாக்கும்! டாக்டரே கண்ணு நல்லாருக்குன்னாராம். இவ நடிக்கிறாள்னு பள்ளிக்கூடத்துலயும் திருப்பி அனுப்பிட்டாங்க.

— டாக்டர் சொன்னது நெசந்தான் அக்கா. கண்ணுல கொறையில்ல. கண்ணு கொண்டு போறதை மூளை பிரிச்செடுக்க மாட்டேங்குது. பொறந்தப்ப மூச்சுத் திணறினதால வந்தது.

— எனக்கு வெளங்கலம்மா.

— பொறுங்க, காட்டுறேன். நிங்கப்பாண்ணா, தோள்ல கெடக்கிற கறுப்புக் கம்பளியத் தரையில விரிங்க. அக்கா, செவப்பு வளையல் ஒண்ணே ஒண்ணு குடுங்க.

— சிவனே! இதையும் ஒடைக்கவா?

— குடுங்களேன். அந்த ரேடியோவையும் நிறுத்துங்க. யாரும் பேச வேணாம். சங்கவ்வா, கம்பளி மேல என்னம்மா இருக்கு? மெதுவாச் சொல்லு.

— அங்க பாரு, வானத்தைப் பாக்குறா! திமிரு.

— பொறுங்க அக்கா. அவளுக்கு நேரம் வேணும்.

— எடுத்துட்டா! டீச்சர், மூஞ்சியத் திருப்பிக்கிட்டே எடுத்துட்டா எம் மக!

— அவ பாக்குறதே அப்படித்தாண்ணா, ஓரக்கண்ணால. இப்ப அதே வளையலை அக்காவோட ஸ்டாண்டுல மாட்டுங்க. சங்கவ்வா, வளையல் எங்க?

— இல்லியே டீச்சர். எல்லாம் கலங்கின தண்ணியா இருக்கு.

— கேட்டீங்களா? நெறையச் சேந்திருந்தா அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. மனுச முகமும் அப்படித்தான்.

— எம் முகமுமா? மூட்டை எறக்கிட்டு வர்றப்ப என்னப் பாத்து ஓடி வருவாளே!

— அவகிட்டயே கேப்போம். சங்கவ்வா, தூரத்துல வர்றது அப்பான்னு எப்படிக் கண்டுபிடிப்பே?

— அப்பா தலையில செவப்பு ஆடும்.

— நான் தலையில கட்டுற இந்தச் செவப்புத் துண்டா? இத்தனை நாளா துண்டைப் பாத்துத்தான் ஓடி வந்தாளா?

— ஏப்பா நிங்கப்பா, இரு. சனிக்கிழமை நீ எங்க நின்னே?

— உங்கடைக்குப் பின்னால, டீ குடிச்சுக்கிட்டு.

— தலையில துண்டோட?

— ஆமாக்கா.

— அடப்பாவி மனுசா! அவ என் வளையலை ஒடைக்க வரல. உங்கிட்ட ஓடி வந்திருக்கா. குறுக்க கடை போட்டவ நானு.

— அக்காவே வெளங்கிக்கிட்டாங்க. ஆடுற செவப்பு மட்டும் அவளுக்குப் பளிச்சுன்னு தெரியும், நடுவுல இருக்கிறது தெரியாது. அண்ணா, திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு நானும் வர்றேன். கறுப்புத் துணியில செவப்பா ஒத்தை எழுத்து வச்சு ஆரம்பிப்போம். படிப்பா இவ.

— புண்ணியம் டீச்சர். நீலக்கா, அந்தக் காசு… அடுத்த கூலி வந்ததும்…

— காசாம் காசு! போப்பா. அந்தத் துண்டைத் துவைச்சுத் துவைச்சு செவப்பு வெளுத்துப் போக விட்டுராதே, அது போதும் எனக்கு.