நாற்பத்தொன்றைத் திருத்தாமல் போகமாட்டேன் என்ற அக்காவுக்கு

செவியையே தவமாக்கிய சீரிய தணிக்கையாளரே! சொல்லுக்குச் சொல் செம்மை பார்த்த செயலரசியே! இருபத்தேழு ஆண்டுகள் இருக்கை மாறாமல், இயல்பு மாறாமல், இரக்கம் மாறாமல் எங்களோடு இருந்த அக்காவே, வணக்கம்!

இந்த இடத்தில் இன்னும் பதினாறு விளிகள் வரவேண்டும். எழுதித்தான் வைத்திருந்தோம். நேற்று மதியம் அக்கா எங்கள் அறைக்கு வந்து, "இங்க பாருங்க, என்னை எதிர்ல உக்கார வச்சுக்கிட்டு நீங்க அப்படி, நீங்க இப்படின்னு படிச்சீங்கன்னா எழுந்து போயிடுவேன். சொல்றதுன்னா சபையைப் பார்த்துச் சொல்லுங்க" என்று கறாராகச் சொல்லிவிட்டார். ஆகவே, அவையோரே, உங்களிடமே சொல்கிறோம். மேலாளர் அவர்கள் படித்து ஒப்புதல் தந்த பணிநிறைவு வாழ்த்து மடல் இதுவல்ல. அது மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது.

வீட்டில் சுவாசக் கருவி வைத்திருப்பவர்கள், அது நின்றுபோனால் பதறியடித்துக்கொண்டு கூப்பிடும் உதவி மையம் இது. நாங்கள் பேசுகிறவர்கள், அக்கா கேட்கிறவர். பதிவான அழைப்புகளைக் கேட்டு, யார் எப்படிப் பேசினார் என்று மதிப்பெண் போடுவது அவர் வேலை. அதற்கு அலுவலகம் கொடுத்த மென்பொருளுக்குப் பத்தொன்பது வயது. நாங்கள் அதற்கு வைத்த பெயர் மாமியார். என்ன செய்தாலும் குற்றம் கண்டுபிடிக்கும். முப்பத்திரண்டு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று இரண்டே பதில்கள். இந்தக் கேள்வி இந்த அழைப்புக்குப் பொருந்தாது என்று சொல்ல வழியே கிடையாது. மதிப்பெண் ஐம்பதுக்குக் கீழே போனால் யாரையும் கேட்காமல், மாமியாரே பணியாளர் பிரிவுக்குக் கடிதம் அனுப்பிவிடுவாள்.

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொரு மணி. மனைவியின் கருவி நின்றுவிட்டதென்று ஒரு பெரியவர் கூப்பிட்டார். எடுத்தவர் எங்கள் மெல்லிசை. அதிர்ந்து பேசத் தெரியாதவர் என்பதால் நாங்கள் வைத்த பெயர் அது. "ஐயா, கட்டிலுக்குப் பின்னால ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கும். போய்ப் பாருங்க. நான் லைன்லயே இருக்கேன், எங்கயும் போகல" என்றார். பெரியவர் ரிசீவரை அப்படியே வைத்துவிட்டு ஓடினார். ஒன்பது நிமிடம் மெல்லிசை வாய் திறக்கவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு அந்த அம்மாவின் மூச்சுச் சத்தத்துக்காகக் காத்திருந்தார். அது கேட்டது. பெரியவர் அழுதுகொண்டே போனை வைத்துவிட்டார்.

இந்த அழைப்பு அக்காவிடம் வந்தது. முழுதும் கேட்டார். கேட்டு அழுதார். பிறகு மாமியாரைத் திறந்தார். அழைத்தவரை மூன்று முறை பெயர் சொல்லிப் பேசினாரா? இல்லை. ஐந்து வினாடிக்கு மேல் மௌனம் இல்லாமல் பார்த்துக்கொண்டாரா? இல்லை. வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கடைசியில் கேட்டாரா? இல்லை. நடந்ததையெல்லாம் குறிப்புப் பெட்டியில் பத்து வரி எழுதினார். அந்தப் பெட்டி நாற்பது எழுத்துக்கு மேல் வாங்காது; மிச்சத்தை அப்படியே விழுங்கிவிட்டது. மதிப்பெண் நாற்பத்தொன்று.

மாதக் கடைசியில் மெல்லிசைக்கு வேலை போயிற்று. 'சேவைத் தரம் குறைவு' என்று சான்றிதழில் அச்சடித்துக் கொடுத்தார்கள். ஓர் உயிரைப் பிடித்து நிறுத்தியவருக்கு அந்த மூன்று சொல்! அதைப் பார்த்த எந்த அலுவலகமும் அவரை உள்ளே விடவில்லை. இன்று ஒரு சலவைக் கடையில் ரசீது எழுதிக்கொண்டிருக்கிறார்.

அப்போது நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்கிறீர்களா? அவரவர் மதிப்பெண்ணைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தோம். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அக்கா மட்டும்தான் அன்று மெல்லிசையின் காலி நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, "என் கையாலதான்டி இல்லை இல்லைன்னு போட்டேன்" என்று சொன்னார். யாரும் இல்லாத நாற்காலியைப் பார்த்துச் சொன்னார். ஆறு வருடம் போயும் அந்தக் குரல் எங்கள் காதை விட்டுப் போகவில்லை.

மறுநாள் முதல் அக்காவின் வீட்டுச் சாப்பாட்டு மேசை பறிபோனது. பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில், மாமியாருக்குப் பதிலாக வரவேண்டிய மென்பொருளின் திரைகளை வரைய ஆரம்பித்தார். கைக்கடிகாரம் பழுது பார்க்கும் அவர் வீட்டுக்காரர், நேர்க்கோடு போட்டுக் கொடுத்தே கை வலி கண்டவர். "அம்மா, தட்டை எங்கம்மா வைக்கிறது?" என்று மகள் கேட்டால், "மடியில வச்சுக்கோ" என்பதுதான் பதில். ஆண்டுக்கொரு முறை அந்தத் தாள்களைச் சுருட்டிக்கொண்டு நிர்வாகத்திடம் போவார். ஆண்டுக்கொரு முறை, "இப்ப என்ன மேடம் அவசரம்?" என்று அனுப்பிவைப்பார்கள். அவசரமாம்! வேலை போனவருக்குத்தானே அவசரம் தெரியும்!

ஒருவழியாகப் போன வருடம் மாமியாரை மாற்றியமைக்க வெளியிலிருந்து ஒரு வடிவமைப்புக் குழுவை வரவழைத்தார்கள். இரண்டு நாள் சுவரெல்லாம் வண்ணச் சீட்டு ஒட்டினார்கள். மேலதிகாரிகளை அழைத்து நீலம் பிடிக்குமா, பச்சை பிடிக்குமா என்று கேட்டார்கள். தினமும் போனில் பேசுகிற எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்றாம் நாள் அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். "மாமியாருக்குப் பவுடர் பூசிவிட்டா மருமக பாடு தீந்திடுமா? நாளைக்கு ஒருநாள் ஹெட்போன் மாட்டிக்கிட்டு எங்க பக்கத்துல உக்காருங்க. அப்புறம் கலர் பேசலாம்" என்றார். அவர்களுக்குச் சுருக்கென்றது. வந்து உட்கார்ந்தார்கள். காலண்டர் தாள்களை வாங்கிப் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை முதல் நடைமுறைக்கு வரும் புது மென்பொருளில் 'பொருந்தாது' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. மதிப்பெண் வாங்கியவர் பதில் சொல்ல ஓர் இடம் இருக்கிறது. அழைப்பை முழுக்கக் கேட்காமல் ஒரு மதிப்பெண்கூடப் போட முடியாது. மூன்றும் அக்காவின் பென்சிலில் பிறந்தவை. வெள்ளோட்டத்துக்குப் பழைய அழைப்பு ஒன்று வேண்டும் என்றார்கள். அக்கா அந்தச் செவ்வாய்க்கிழமை அழைப்பைக் கொடுத்தார். தொண்ணூற்றேழு வந்தது. அக்கா ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, முகம் கழுவப் போய் வெகுநேரம் திரும்பவில்லை.

இனிச் சொல்லப்போவதற்காகத்தான் இந்த மடலையே எழுதினோம். மாமியார் இன்று மாலை ஆறு மணிக்கு மூடப்படுகிறாள். அதோடு பழைய பதிவுகளெல்லாம் பூட்டப்படும். பிறகு யாராலும் திருத்த முடியாது. அதற்குள் நாற்பத்தொன்றை மாற்றவேண்டுமானால், மதிப்பெண் போட்டவரே கேட்கவேண்டும், மேலாளர் ஒப்புதல் தரவேண்டும். அக்கா கேட்டு மூன்று வாரம் ஆகிறது. "பழசைக் கிளறினா எல்லாரும் வந்து நிப்பாங்க மேடம். போற நேரத்துல எதுக்கு இதெல்லாம்? நிம்மதியா ரெஸ்ட் எடுங்க" என்று பதில் வந்தது. "வந்து நிக்கட்டும் சார். நிக்க வேண்டியவங்கதானே!" என்றார் அக்கா.

மேலாளர் அவர்களே, அக்காவின் புகைப்படங்களைத் திரையில் காட்டுவதற்காக உங்கள் மடிக்கணினியை நீங்களே திறந்து கொடுத்தீர்கள். உங்களுக்குப் பின்னால் திரையில் இப்போது தெரிவது புகைப்படம் அல்ல, திரும்பிப் பாருங்கள். அக்காவின் விண்ணப்பம். பக்கத்தைத் திறந்தது மட்டும்தான் எங்கள் வேலை, ஒப்புதல் பொத்தானைத் தொடவில்லை. அது உங்கள் விரலுக்கு உரியது. மணி இப்போது நாலே முக்கால்.

மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா, உங்கள் பேச்சை இந்த ஒரு தடவை மீறுகிறோம். இனி உங்களைப் பார்த்துத்தான் பேசுவோம். மெல்லிசையை அழைக்கவேண்டாம், அவள் முகத்தைப் பார்க்கும் தைரியம் எனக்கில்லை என்று சொன்னீர்கள். அழைத்துவிட்டோம். மூன்றாவது வரிசையில், ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். வாசலிலேயே எங்களிடம் கேட்டார்: "அக்கா இன்னுமா அதையே நெனச்சுக்கிட்டு இருக்காங்க? அன்னைக்கு அந்த ஒன்பது நிமிஷத்தை முழுசாக் கேட்டவங்க அவங்க ஒருத்தர்தானே."

அன்பின் அக்காவே! அயராத செவியே! இனி யார் பேசுவதைக் கேட்டாலும் மதிப்பெண் போடவேண்டாத காதோடும், தட்டு வைக்க இடமுள்ள மேசையோடும், நோயின்றி, நொடியின்றி நெடுங்காலம் வாழ்க!

இந்த மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் தயார். பின்பலகைக்கு மட்டும் இன்னும் ஆணி அடிக்கவில்லை. கீழே ஓர் எண்ணுக்கு இடம் விட்டிருக்கிறோம். ஆறு மணிக்குள் அது நிரம்பினால் ஆணி அடித்து உங்கள் கையில் தருவோம். நிரம்பாவிட்டால், வருகிறவர் போகிறவர் எல்லோரும் படிக்கும்படி, வெற்றிடத்தோடே வரவேற்பறையில் மாட்டுவோம்.

இங்ஙனம்,
தொலைபேசிப் பிரிவு ஊழியர்கள் முப்பத்தெட்டுப் பேர்,
மற்றும் மூன்றாவது வரிசையில் இருக்கும் முப்பத்தொன்பதாமவர்.

மெல்லிசையின் மதிப்பெண்: ............