மானுக்கு மணக்கக் கூடாது

ஐயோ பிள்ளை, அந்த நீலப் போத்தலை மூடுங்கோ! மூடுங்கோ, மூடுங்கோ, கெதியா! ... அப்பாடா. உங்கட உடுப்புத் தோய்க்கிற மிஷினுக்குள்ள அந்தப் பூ வாசத்தை ஊத்தினால் அது இஞ்சால நான் தோய்க்கிற உடுப்பில பிடிச்சிடும். பிடிச்சால் மான் ஓடிடும்.

சிரியாதேங்கோ. எனக்கு விசர் இல்லை. விசர் எங்கட வீட்டில மற்ற ஆக்களுக்கு. நான் மூண்டாம் மாடி, தேவமலர். உங்களை எனக்குத் தெரியும், தபால் பெட்டியில கிரிஜா எண்டு பாத்த உடனேயே பிடிச்சிட்டன், எங்கட ஆக்கள்தான் எண்டு. இந்தியாவோ? ... ஓமோம், யுனிவசிற்றியோ. நல்லது, நல்லது. இருங்கோவன், உங்கட மிஷின் இன்னும் அம்பத்திரண்டு நிமிசம் காட்டுது. எங்க ஓடப்போறீங்கள்?

நாளைக்கு விடிய என்ர மனுசன் பின்லாந்துக்குப் போறார். மான் வேட்டைக்கு! லிஃப்டுக்குள்ள கண்டிருப்பீங்கள், ஹலோ சொன்னால் தலையை மட்டும் ஆட்டுற ஒரு ஆள். அவர்தான், தம்பித்துரை. முப்பது வருசமா இஞ்ச ஜேர்மனியில பாண் சுடுற பக்டரியில வேலை. பூச்சி ஒண்டு வீட்டுக்குள்ள வந்தால் கிளாசால மூடி, கீழ மட்டையைக் குடுத்து, கொண்டுபோய் பல்கனியில விட்டிட்டு, அது போகுதோ எண்டு நிண்டு பாக்கிற மனுசன். கோழி வெட்டுறதும் நான், மீன் வெட்டுறதும் நான். இந்த மகாராசன் போறார் வேட்டைக்கு!

வெள்ளை வால் மானாம். ஓடேக்க வாலைத் தூக்குமாம், கீழ்ப்பக்கம் வெள்ளையாத் தெரியுமாம். அது பின்லாந்து மானும் இல்லையாம் பிள்ளை, அமெரிக்காவில இருந்து அந்த நாளையில கொண்டுவந்து விட்டதாம், இப்ப காடு முழுக்க அதுதானாம். பாருங்கோவன்! எங்களுக்கு எத்தினை அன்ட்ராக் எண்டு விண்ணப்பம், எத்தினை தெர்மீன் எண்டு தவணை, எத்தினை வருசம் அகதி முகாமில ஒரு கட்டிலில ரெண்டு பேர். மானுக்கு ஒரு படிவமும் இல்லை. இறங்கினது, குடியேறினது, பிள்ளை பெத்தது.

அது கிடக்கட்டும். அந்தக் காட்டில வழிகாட்டி ஒருத்தன் இருக்கிறான். அவன் ரெண்டு பக்கத்துக்கு ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறான். மகள் மிதுஷா உக்காந்து தமிழில எனக்குச் சொல்லிச் சொல்லி... கோதாரி விழுந்த பட்டியல்! வாசச் சவுக்காரம் கூடாது. தலைக்கு எண்ணெய் கூடாது. முகத்துக்குப் பூசுற ஒண்டும் கூடாது. உள்ளிப்பூண்டு, வெங்காயம் தின்னக் கூடாது, வேர்வையில வருமாம். உடுப்பைக் குசினிப் பக்கமே காட்டக் கூடாது. மானுக்கு அரைக் கிலோமீற்றருக்கு அங்கால மணக்குமாம்.

நான் கேட்டன், அப்ப விபூதி? மகள் எழுதிக் கேட்டாள். அவன் எழுதுறான், சாம்பல் பரவாயில்லையாம், சந்தனம் கூடாதாம். எங்கட சமயத்துக்கு இப்ப பின்லாந்துக்காரன் தீர்ப்புச் சொல்லுறான்.

பன்ரெண்டு நாள் பிள்ளை! பன்ரெண்டு நாளா என்ர வீட்டில தாளிக்கேல்லை. எண்ணெய்ச் சட்டி அடுப்பில ஏறேல்லை. அவிச்ச உருளைக்கிழங்கு, அவிச்ச முட்டை, அவிச்ச மீன். ஆசுப்பத்திரியில கூட உறைப்பா ஏதும் தருவாங்கள். நான் ஆசைக்கு ஒரு கருவாடு பொரிக்கலாம் எண்டு எடுக்க, இவர் வந்து குசினி வாசலில நிண்டு என்னைப் பாத்தார். அவர் என்னத்தைச் சொன்னார்? நான் தூக்கி உள்ள வைச்சிட்டன்.

உடுப்பு இது நாலாம் தரம் தோய்க்கிறன். முதல் தரம் எங்கட மிஷினில தோய்ச்சன், மிஷினே கறி மணக்குதாம். ரெண்டாம் தரம் பல்கனியில காயப்போட்டன், கீழ் வீட்டுக்காரன் அந்த நேரம் பாத்து இறைச்சி சுட்டான். மூண்டாம் தரம்... அதை விடுங்கோ, அது நான் வெள்ளிக்கிழமை எண்டு நினைவில்லாமல் சாம்பிராணி காட்டிப்போட்டன். வீடு முழுக்கக் காட்டுறனான், அவற்ற பெட்டியையும் திறந்து நல்லாக் காட்டிப்போட்டன். நல்ல காரியத்துக்குப் போறவருக்குக் காட்டாமல் விடுறதோ? மகள் ரெலிபோனில கத்தினாள் பாருங்கோ!

ஆரோட போறாரோ? சம்பந்தியோட. வரப்போற சம்பந்தி. மகள் ஒரு ஜேர்மன் பெடியனை விரும்பியிருக்கிறாள், பீலிக்ஸ் எண்டு. நல்ல பெடியன், குறை சொல்ல ஏலாது. தாய் தகப்பன் வேமையர் எண்டு, காட்டுப் பக்கம் வீடு. தகப்பன் பெரிய வேட்டைக்காரன். சுவர் முழுக்கக் கொம்பு பிள்ளை. கக்கூசுக்குள்ளயும் கொம்பு! போய்க் குந்தினால் ஒரு மான் மேல இருந்து எங்களையே பாக்குது. எனக்கு வந்தது வரேல்லை.

அதில பகிடி என்னெண்டால், அந்தப் பீலிக்ஸ் இறைச்சி தின்னான். பாலும் குடியான். முட்டையும் தொடான். வேட்டைக்காரன்ர பிள்ளை! முதல் முதல் எங்கட வீட்டுக்கு வந்த அண்டைக்கு நான் ஆட்டிறைச்சி, றால், கணவாய் எண்டு பதினொரு கறி வைச்சு வைச்சிருக்க, பெடியன் பருப்பும் சோறும் திண்டிட்டு, "அருமை, அருமை" எண்டு தமிழில சொல்லுறான். அழுறதோ சிரிக்கிறதோ, சொல்லுங்கோ.

இல்லை, இவர் சுடுறேல்லை. இவரிட்ட அதுக்கு அனுமதிப் பத்திரம் இல்லை. சம்பந்தி சுடுவார். இவர் பக்கத்தில சும்மா இருக்கிறது. மரத்தில கட்டின ஒரு கூட்டுக்குள்ள, பனிக்குள்ள, ஆடாமல் அசையாமல், இருமாமல், ஒரு சொல்லுக் கதையாமல் அஞ்சு மணித்தியாலம். அதுக்கு இவரை விட்டால் உலகத்தில ஆள் இல்லை! கலியாணம் கட்டி முப்பது வருசம், இவர் கதைச்சதை எல்லாம் ஒரு கொப்பியில எழுதினால் கொப்பி மிஞ்சும். போன கிழமை முழுக்கப் பல்கனியில ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு குளிருக்குள்ள இருந்து பழகினவர். நான் உள்ளுக்குள்ள இருந்து, தேத்தண்ணி வேணுமோ, கால் விறைக்குதோ, ஏனப்பா உந்தக் கண்டறியாத மான் எண்டு கேட்டுக்கொண்டே இருக்கிறன், மனுசன் திரும்பியும் பாக்கேல்லை. மான் தோத்துப்போகும்.

எப்பிடி இவரைக் கூப்பிட்டவை எண்டோ? அது... அது பெரிய கதை. பேந்து சொல்லுறன்.

இந்தக் களிசானைப் பிடியுங்கோ ஒருக்கா, ஜக்கெற் பொக்கற்றைப் பாத்திட்டுப் போடுறன். இவர் கடுதாசித் துண்டுகளை விட்டிடுவார், பேந்து தோய்ச்ச உடுப்பெல்லாம் பஞ்சாப் போயிடும். பாருங்கோ, சொன்னனான்! கடுதாசி. கடுதாசிக்குள்ள... இதென்ன சின்னப் பெட்டி? குளிசையோ? வெள்ளையா, உருண்டையா... இவருக்குச் சீனியும் இல்லை, பிரசரும் இல்லையே. நீங்கள் படிச்ச பிள்ளை, வாசிச்சுச் சொல்லுங்கோ.

காதுக்கோ?

காதுக்குள்ள வைக்கிற மெழுகு. சத்தம் கேக்காமல்.

...

என்ர மிஷினை இப்ப ஓட விடாதேங்கோ பிள்ளை. கொஞ்சம் பொறுங்கோ. இந்தக் கதிரையை இஞ்சால தள்ளுங்கோ.

இவருக்கு வெடிச் சத்தம் ஏலாது. துவக்குச் சத்தம். உங்கட தமிழில துப்பாக்கி. ஒவ்வொரு வருசமும் டிசம்பர் முப்பத்தொண்டு பின்னேரம் தெருவில பெடியள் வெடி கொளுத்தத் தொடங்க, இவர் ஒரு போர்வையை எடுத்துக்கொண்டு இஞ்ச வந்திடுவார். இந்த அறைக்குத்தான். மிஷின் எல்லாத்தையும் வெறுமனே ஓட விட்டிட்டு, அதுகளுக்கு நடுவில இருப்பார். நான் சனத்துக்குப் பகிடியாச் சொல்லுறனான், எங்கட ஆள் வருசப் பிறப்புக்கு உடுப்புத் தோய்க்கிறார் எண்டு. எல்லாரும் சிரிப்பினம். நானும் சிரிப்பன்.

வன்னியில ஏதோ நடந்தது. என்ன எண்டு எனக்குத் தெரியாது. இவர் சொன்னதில்லை.

இந்த மனுசன்தான் துவக்குக்குப் பக்கத்தில அஞ்சு மணித்தியாலம் இருக்கப் போறார். ஒருத்தருக்கும் சொல்லாமல் மெழுகு வாங்கிக் கடுதாசியில சுத்தி வைச்சிருக்கிறார்.

எப்பிடிக் கூப்பிட்டவை எண்டு கேட்டீங்கள் எல்லே? நான்தான். நான் சொன்ன பொய்.

முதல் முதல் அவையின்ர வீட்டுக்குக் கோப்பி குடிக்கப் போனம். அந்தப் பெரிய மேசை, அந்தக் கொம்புகள். வேமையர் ஒவ்வொரு கொம்பாக் காட்டிக் காட்டிக் கதை சொல்லுறார். இவர் கேக்கையும் தொடாமல் மேல பாத்துக்கொண்டு இருக்கிறார், வாயில ஈ போனாலும் தெரியாத மாதிரி. வேமையற்ற மனுசி என்னைப் பாக்குது, பேந்து இவரைப் பாக்குது. என்ன நினைப்பினம்? பெட்டையின்ர தகப்பன் ஒரு மக்கு எண்டு நினைக்க மாட்டினமோ? வாய் சும்மா இருக்குமோ எனக்கு! மகளுக்குக் கூடச் சொல்லாமல் நானே என்ர உடைஞ்ச ஜேர்மனில சொல்லிப்போட்டன், என்ர மனுசனும் பெரிய வேட்டைக்காரன்தான், வன்னிக் காட்டில மரை, பண்டி எல்லாம் சுட்டவர், ஊரே வந்து இறைச்சி வாங்கும் எண்டு. மகள் மேசைக்குக் கீழ என்ர காலை மிதிக்கிறாள், நான் நிப்பாட்டேல்லை. வேமையர் துள்ளி எழும்பி வந்து இவரைக் கட்டிப் பிடிச்சிட்டார். அந்த இடத்திலேயே சொல்லிப்போட்டார், நீங்கள் என்னோட பின்லாந்துக்கு வாறீங்கள் எண்டு.

இவர் என்னைப் பாத்தார் பிள்ளை. நான் கேக்கைப் பாத்தன்.

பொய் சொன்னது நான். போறது அவர். பன்ரெண்டு நாளா நான் கத்துறன், என்ர குசினி போச்சு, என்ர கருவாடு போச்சு எண்டு. ஒரு நாள், ஒரு நாளாவது, உன்னாலதானே எண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லை.

இல்லை, இது சரிவராது. மானமும் மண்ணாங்கட்டியும். மகளுக்கு எடுக்கிறன், இருங்கோ. இந்த நிலக்கீழ் அறையில சிக்னல் வேற... ஆ, போகுது.

ஹலோ, மிதுஷா? அம்மா. நீ இப்பவே பீலிக்ஸின்ர அப்பாவுக்கு எடுத்துச் சொல்லு, அப்பா வரேல்லை எண்டு. ... காரணமோ? நான் பொய் சொன்னனான் எண்டு சொல்லு. வேண்டாம், நீ சொல்லாதை, நம்பரை அனுப்பு, நானே சொல்லுறன். என்ன நினைச்சாலும் நினைக்கட்டும். அவற்ற பொக்கற்றுக்குள்ள காதுக்கு வைக்கிற மெழுகு இருக்கு, தெரியுமோ உனக்கு? ... என்ன? ... ஆர் குடுத்தது? ... வேமையரோ?

அந்தாளுக்கு எப்பிடித் தெரியும்? ... எப்ப? ... அக்டோபரிலயோ! ... நீ ஏனடி எனக்குச் சொல்லேல்லை? ... ம். ... ம்.

... எந்தப் பாசையில சொன்னவர், இவருக்கு ஜேர்மன் நாலு சொல்லுத்தானே தெரியும்? ... ஒண்டரை மணித்தியாலமோ!

... அப்ப நான் ஆரிட்டக் கேக்கிறது? ... சரி. சரியடி. வை.

வைச்சிட்டாள்.

அக்டோபரில வேமையர் இவரைச் சுட்டுப் பழகுற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவராம். முதல் வெடிக்கே இவர் நிலத்தில இருந்திட்டாராம். அந்தாள் துவக்கைப் பூட்டி வைச்சிட்டு வந்து பக்கத்தில புல்லில இருந்தவராம். ஒண்டும் கேக்கேல்லையாம். சும்மா இருந்தவராம். கன நேரத்துக்குப் பிறகு இவர் சொன்னவராம். எல்லாம் சொன்னவராம். வேட்டைக்காரன் இல்லை எண்டதும், வன்னியில நடந்ததும், எல்லாம். கையால காட்டிக் காட்டி, அந்த நாலு சொல்லை வைச்சுக்கொண்டு.

பின்லாந்துக்கு வரவேண்டாம் எண்டு அந்தாள் சொன்னவராம். இவர்தான் போகவேணும் எண்டு நிண்டவராம். அந்தாளோட சும்மா இருக்கிறது இவருக்குப் பிடிச்சிருக்காம். சுடுறதெண்டால் முதல்ல தோளில தொடுவாராம், இவர் மெழுகை வைப்பாராம். ஒண்டும் சுடாமல் திரும்பி வந்தாலும் பரவாயில்லை எண்டு ரெண்டு பேரும் பேசி வைச்சிருக்கினமாம். அம்மாவுக்குச் சொல்லாதை, வெக்கப்படுவா எண்டு இவர் சொன்னவராம்.

எல்லாருக்கும் தெரியும். பீலிக்ஸுக்கும் தெரியும். கொம்பு வீட்டுக்காரிக்கும் தெரிஞ்சிருக்கும்.

என்ன நடந்தது வன்னியில எண்டு மகளிட்டக் கேட்டன். அப்பாட்டயே கேளுங்கோ எண்டுறாள். நான் கேக்காமலோ? நான் கேட்டனான்! இந்தக் கட்டிடத்துக்கு வந்த முதல் வருசம், மிதுஷா அப்ப கைக்குழந்தை, டிசம்பர் முப்பத்தொண்டு பின்னேரம், இந்த இடத்திலதான். மனுசன் அந்த மூலையில போர்வையைச் சுத்திக்கொண்டு இருக்கிறார். நான் பிள்ளையை இடுப்பில வைச்சுக்கொண்டு வந்து நிண்டு கேட்டனான், ஏனப்பா இப்பிடிப் பயப்பிடுறீங்கள், என்ன நடந்தது எண்டு. கேட்டுப்போட்டு... குளிருது, மேல வாங்கோ, சனம் பாத்தால் என்ன சொல்லும், அடுப்பில கறி கிடக்கு, பிள்ளைக்குத் தடிமன் வரப்போகுது எண்டு நானே கதைச்சுக்கொண்டு போனன்.

அப்ப அவர் சொல்ல எண்டு வாயைத் திறந்தவர், பிள்ளை. நான் கண்டனான்.