ஏழு நிமிட வேலை

தொழில் தொடங்குவது சுலபம், மூடுவதுதான் கஷ்டம் என்று எங்கள் வெரியா ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அது உண்மையில்லை. வரி அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் இரண்டுக்குமே ஏழு நிமிடம் போதும். முப்பத்தெட்டு வருஷமாக ஊருக்கு வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பவள் சொல்கிறேன், நீங்கள் அப்படியே குறித்துக்கொள்ளலாம்.

என் பெயர் பொலிக்ஸேனி. வயது அறுபத்து மூன்று. ரெவானி இனிப்புக் கடைக்கு மேல்மாடியில் என் அலுவலகம். நம் ஊரில் யாரும் தன் வரிப் பக்கத்தைத் தானே திறந்து பார்ப்பதில்லை, உங்களுக்கே தெரியும். கடவுச்சொல்லை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, "நீயே பாத்துக்கோ தாயே" என்று கணக்காளரிடம் கொடுத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுவார்கள். உங்கள் கடவுச்சொல்லும் யாரோ ஒருவரின் மேசையில்தான் கிடக்கும். நான் அந்தக் காகிதங்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தேன். ஒன்றுகூடத் தொலைந்ததில்லை.

மிர்சினி கொடுத்தது பச்சைக் காகிதம். அவள் என் மகன் ஸ்ட்ராத்தோஸின் மனைவி. பேச்சு திக்கும் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுப்பாள். அவள் வேலை பார்த்த பயிற்சி மையத்தில் சம்பளத்துக்கு ஆள் வைப்பதில்லை. சுயதொழில் என்று பதிந்துகொண்டு ரசீது கொடு என்றார்கள். இங்கே பாதி இளசுகளின் பிழைப்பு அதுதான். நானே பதிந்து கொடுத்தேன். ஐந்தே மாதம். மே மாதத்தில் அந்த மையத்தை இழுத்து மூடிவிட்டார்கள்.

அன்று அலுவலகத்துக்கு வந்தாள்.

"அத்தை, என் கடையை மூடிடுங்க. ஊர்லயே இவ்ளோ சீக்கிரம் கடையை மூடுன முதலாளி நான்தான்."

"அஞ்சு மாசத்துல எத்தனை கோடி சேத்த?"

"எண்ண முடியல அத்தை. அதான் ஜெர்மனிக்கு ஓடுறோம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஜெர்மனி என்ற சொல்லை நான் அப்போதுதான் முதலில் கேட்டேன். என் மகன் என்னிடம் சொல்லவில்லை.

அவள் அப்பா விட்டுப்போன பீச் பழத் தோட்டத்தை விற்றுவிட்டு இரண்டு பேரும் ஸ்டுட்கார்ட் போவதாகத் திட்டம். என் அண்ணனும் அங்கேதான் போனான், இரண்டே வருஷம் என்று சொல்லி. பத்தொன்பது வருஷம் கழித்துப் பெட்டியில் வந்தான். என் கணவர் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. இதையெல்லாம் காரணமாகச் சொல்லவில்லை. கேட்டீர்கள், சொல்கிறேன்.

"சரிம்மா, நான் பாத்துக்கறேன்" என்றேன். மூடவில்லை.

மறந்துவிட்டேன் என்று சொல்லும்படி என் வக்கீல் யோசனை சொல்கிறார். நான் எதையும் மறக்கிறவள் இல்லை.

ஜூலையில் அவர்கள் இருவருக்கும் சேர்த்து வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தேன். ஐந்து மாத வருமானம், கொடுத்த ரசீதுகள், எல்லாம் துல்லியம். தொழிலை நிறுத்திய தேதி என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டேன். தொழில் திறந்திருக்கும்வரை, சம்பாதித்தாலும் சம்பாதிக்காவிட்டாலும், மாதாமாதம் ஓய்வூதிய, மருத்துவக் காப்பீட்டுச் சந்தா ஏறிக்கொண்டே போகும். கட்டாதவருக்கு நோட்டீஸ் மேல் நோட்டீஸ் வரும். இப்போதெல்லாம் அது தபாலில் வருவதில்லை, இணையப் பக்கத்தில் இருக்கும் தகவல் பெட்டிக்குள் வந்து விழுகிறது. அந்தப் பெட்டியைத் திறக்கிற ஒரே ஆள் நான். பாக்கி இருந்தால், பாக்கியில்லை என்கிற சான்றிதழ் கிடைக்காது. சான்றிதழ் இல்லாமல், பத்திரம் எழுதும் நோட்டரி நிலத்தை விற்கவிடமாட்டார். ஒரு குளிர்காலம் தள்ளிப்போனால் பிள்ளைகளுக்குப் புத்தி வரும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

செப்டம்பரில் சான்றிதழ் மறுக்கப்பட்டது. வரி அலுவலகத்தில் ஏதோ குளறுபடி, எழுதிப் போட்டிருக்கிறேன் என்றேன். அந்தப் பெண் என்னைச் சந்தேகப்படவே இல்லை. "நீங்க இருக்கறப்ப எனக்கென்ன கவலை அத்தை" என்று என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டவளுக்கு முத்தம். அது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

தோட்டத்தை வாங்க வந்தவர் டிசம்பர் மாதத்தின் முதல் திங்கட்கிழமைவரை பொறுப்பதாகச் சொன்னார். அதுவரை செலவுக்கு வேண்டுமே. நவம்பரில் நானே அவளுக்கு ஒரு வேலை பார்த்துக் கொடுத்தேன், சமவெளியில் ஆற்றோரம் இருக்கும் கிவிப் பழக் கிடங்கில். முதலாளி என் வாடிக்கையாளர். காலை ஆறு மணிக்கு வேலை தொடங்கும். ஸ்ட்ராத்தோஸின் மோட்டார் சைக்கிளில் போய்வந்தாள். கை விறைக்கும் என்று என் கணவரின் தோல் கையுறையை எடுத்துக் கொடுத்தேன்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து நேராக என்னிடம் வந்தாள். பழத்தின் சுணை பட்டு மணிக்கட்டெல்லாம் தடித்திருந்தது.

"திங்கக்கிழமைக்குள்ள அந்தப் பேப்பர் வந்துட்டா, இந்தக் கிவிக்கு ஒரு கும்பிடு போட்டுடுவேன் அத்தை. கனவுலயும் பழம்தான் உருளுது."

சொல்லிவிட்டு நாற்காலியிலேயே தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. எனக்கு அவள்மேல் பாசம் பொங்கியது. இதைப் பொய் என்று எழுதாதீர்கள். மே மாதத் தேதி போட்டு இப்போது மூடினாலும் சட்டம் ஏற்றுக்கொள்ளும். சிறிய அபராதம், ஒரு ஜோடி செருப்பு விலை. பாக்கி முழுவதும் அழிந்து, திங்கட்கிழமை காலையிலேயே சான்றிதழ் வந்துவிடும். பக்கத்தைத் திறந்தேன். எல்லாக் கட்டங்களையும் நிரப்பினேன். அனுப்பு என்ற பொத்தான் மட்டும் பாக்கி.

அப்போது ஸ்ட்ராத்தோஸ் போன் செய்தான்.

"அம்மா, திங்கக்கிழமை கையெழுத்தானதும் டிக்கெட் போட்டுடறேன். கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே கெளம்பறோம்."

"சரிப்பா" என்றேன். பக்கத்தை மூடினேன். மிர்சினியை எழுப்பிக் காப்பி கொடுத்தேன்.

திங்கட்கிழமை சான்றிதழ் வரவில்லை, வாங்க வந்தவர் வேறு தோட்டத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டார். அதனால் புதன்கிழமை காலையும் அவள் கிடங்குக்குக் கிளம்பினாள். டிசம்பரில் சமவெளியில் மூடுபனி எப்படி இறங்கும் என்று நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். பழம் ஏற்றிய டிராக்டர் ஒன்று விளக்கில்லாமல் பாலத்தருகே நின்றிருந்தது. பனியை நான் வரவழைக்கவில்லை. கையுறை இரண்டையும் ஆஸ்பத்திரியில் என்னிடம்தான் கொடுத்தார்கள்.

அவளுடைய நாற்பதாம் நாள் பிரார்த்தனைக்கு வழக்கப்படி நானே கோதுமை அவித்து, மாதுளையும் சர்க்கரையும் போட்டு எடுத்துப்போனேன். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

இறந்தவர்களுக்கும் கடைசியாக ஒரு வரிக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். ஸ்ட்ராத்தோஸ் என் சிரமத்தைக் குறைக்க நினைத்தான் போலிருக்கிறது. டப்பாவிலிருந்து பச்சைக் காகிதத்தை எடுத்து வேறொரு கணக்காளரிடம் கொண்டுபோனான். பெட்டியில் எந்த நோட்டீஸ் எந்த நாளில் திறக்கப்பட்டது என்பது அந்த வரிப் பக்கத்திலேயே தெரியும். எல்லாம் வந்த அன்றைக்கே திறக்கப்பட்டிருந்தன. வெள்ளிக்கிழமை நிரப்பி அனுப்பாமல் விட்ட விண்ணப்பமும் அப்படியே இருந்தது.

அவன் சத்தம் போடவில்லை. என் மேசைக்கு முன்னால் நின்று, "பத்தொம்பது தடவை படிச்சிருக்கம்மா நீ" என்றான். அதுதான் அவன் என்னிடம் கடைசியாகப் பேசியது. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பது சரிதான்.

ஆமாம், தெரிந்துதான் செய்தேன். மே மாதத்திலும் தெரியும், ஜூலையிலும் தெரியும், அவள் என் நாற்காலியில் தூங்கியபோதும் தெரியும். இந்த வாக்குமூலத்தில் எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று காட்டுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். அவளுடைய கடைசிக் கணக்கை நான் எழுத அனுமதி வாங்கித் தாருங்கள், அந்தப் புது ஆள் தேதியைத் தப்பாகப் போட்டுவிடுவான்.

ஸ்ட்ராத்தோஸ் இப்போது அந்தப் பீச் தோட்டத்துக் கொட்டகையில் இருக்கிறான். வேலைக்குப் போவதில்லை. நான் தினமும் மதியம் சாப்பாடு கொண்டுபோய் வாசலில் வைக்கிறேன், மறுநாள் அது அப்படியே இருக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்ப்பேன், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஆனால் பாருங்கள், ஜெர்மனிக்குப் போகவில்லை.